எலிகள் எதனால் இறந்தன?

விஞ்ஞான வரலாறு வெற்றிகளின் பட்டியலாகவே எமக்குக் கற்பிக்கப்பட்டது. தோல்வி என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு பரிசோதனையைச் சரியாக வாசித்ததனால் பிறந்த மருத்துவமும் உண்டு.

1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் பார்ன்ஸ், லூட்டிட் முதலானோர், குருதிப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளைக் கடும் எக்ஸ் கதிர்களுக்கு உட்படுத்தினர். அக்கதிர்கள் புற்றுக் கலங்களோடு என்பு மச்சையையும் அழித்துவிடும். ஆகவே ஒரு பகுதி எலிகளுக்கு மரபில் தம்மை ஒத்த எலிகளின் மச்சையும், மறு பகுதிக்கு மரபில் வேறுபட்ட எலிகளின் மச்சையும் ஏற்றப்பட்டன. முதற் பகுதி எலிகள் மீண்டும் தோன்றிய புற்றுநோயால் இறந்தன. மற்றவையோ புற்றுநோய் இன்றி, வயிற்றோட்டத்தாலும் உடல் மெலிவாலும் இறந்தன.

பலன் எதுவுமில்லை என்று கோவையை மூடியிருக்கலாம். அவர்களோ மரணங்களை எண்ணுவதோடு நில்லாமல் காரணங்களைப் பிரித்து நோக்கினர். கதிர்வீச்சுக்குத் தப்பிய புற்றுக் கலங்களை, புதிதாக வந்த நிர்ப்பீடனக் கலங்கள் அழித்திருக்கலாம் எனக் கருதினர். அதுவரை அழிந்ததை ஈடுசெய்யும் பொருளாகவே பார்க்கப்பட்ட மச்சை, மருந்தாகவும் தெரிந்தது. ஆனால் எலியின் குடலைத் தாக்கியவையும் அதே கலங்கள்தாம்.

பாரிஸில் ஜோர்ஜ் மத்தே இச்சிந்தனையை மனிதரிடம் கொண்டு சென்றார். வழங்குநரின் கலங்கள் நோயாளியின் உடலைத் தாக்கும்போது புற்றுநோய் மீள்வதும் குறைகின்றது என்பதை 1979இல் சியாட்டில் ஆய்வாளர்கள் காட்டினர். 1990இல் மியூனிச்சில் கோல்ப் குழுவினர், மச்சை மாற்றத்தின் பின் நாட்பட்ட குருதிப் புற்றுநோய் மீண்ட மூவருக்கு, அக்கால வழக்கமான மருந்தாகிய இன்ரர்பெரோனுடன், மச்சை தந்த அதே வழங்குநரின் வெண்குழியங்களையும் ஏற்றினர். மூவரிலும் நோய் தணிந்தது.

இதிலிருந்து, பிறர் கலமே போதும், கதிரும் மருந்தும் வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. வழமையான சிகிச்சை நோயின் பளுவைக் குறைக்க, எஞ்சியதைக் கலங்கள் எதிர்கொள்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தாவிடில் நோயாளியே பலியாகலாம். எவ்வளவு, எப்போது என்ற கேள்வி ஹார்வெல் எலிகளோடு தொடங்கியது. இன்றும் ஒவ்வொரு நோயாளியிடமும் அது எழுகின்றது.

இக்கலங்களை எவரிடமிருந்தும் பெற்றுவிட முடியாது; இழைய வகை இயன்றவரை பொருந்த வேண்டும். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 வீதமே. மேற்கு நாடுகளின் வழங்குநர் பதிவேடுகளில் தென்னாசியர் குறைவு. சகோதரர்கள் பல நாடுகளில் சிதறி வாழும் எம்மிடையே, முன்பின் அறியாத ஒருவருக்காகத் தம் பெயரைப் பதிந்தோர் எத்தனை பேர்? இதனையும் நாம் விவாதிக்க வேண்டும்.