சமையலறையில் ஒரு நட்பு: சகோதரர் லாரன்ஸின் கதை



"கடவுள் என் ஃப்ரெண்ட்" அப்படிங்கிற வாசகத்தை டீ-ஷர்ட்டிலும் மொபைல் கவரிலும் பார்த்திருப்பீங்க. சர்ச்சுக்குப் போற உங்க நண்பர் யாராவது ரொம்ப சாதாரணமா சொல்லியும் கேட்டிருப்பீங்க. ஆனா வரலாற்றில் இது அவ்வளவு சாதாரணமான வாக்கியம் கிடையாது.

அரிஸ்டாட்டில் இதை நடக்காத காரியம்னே நினைச்சார். நட்புன்னா ஓரளவு சமநிலை வேணும். இடைவெளி ரொம்பப் பெரிசாயிட்டா நட்பு நிக்காது, கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கிறது அந்த மாதிரி இடைவெளி என்பது அவர் வாதம். பைபிள் வேற மாதிரி பேசுது. அதில் ஆபிரகாமுக்கு 'தேவனுடைய சிநேகிதன்' என்று பெயர். யோவான் நற்செய்தியில், கைதாவதற்கு முந்தைய இரவில், இயேசு தன் சீடர்களை இனி ஊழியக்காரர்கள் என்று சொல்லாமல் நண்பர்கள் என்றே அழைக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், கடவுள்மேல் வைக்கும் அன்பே ஒரு வகை நட்புதான் என்று இறையியலில் எழுதி வைத்தார்.

சரி, தியரி ஓகே. ஆனா காலையில எழுந்து வேலைக்கு ஓடுற ஒரு ஆள் இதை எப்படி வாழ்றது? இந்தக் கேள்வியோட நாம இன்னைக்குப் போகப்போறது 17ஆம் நூற்றாண்டு பாரிஸுக்கு, ஒரு மடத்துச் சமையலறைக்கு.

அங்கே வேலை பார்த்தவரின் இயற்பெயர் நிக்கோலா எர்மான். 1614 வாக்கில் லொரேன் பகுதியில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இன்றைக்கு அது பிரான்ஸின் கிழக்குப் பகுதி. அவருடைய இளமைக் காலத்தில் அங்கே முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதே லொரேனைச் சேர்ந்த ஓவியர் ஜாக் காலோ 1633இல் வெளியிட்ட 'போரின் துயரங்கள்' அச்சோவியங்களை நெட்ல தேடிப் பாருங்க. கொள்ளை, தீ, மரத்தில் வரிசையாகத் தொங்கும் மனிதர்கள். அதுதான் இவர் வளர்ந்த உலகம்.

பதினெட்டு வயதில், ஒரு குளிர்காலத்தில், இலையே இல்லாத ஒரு மரத்தை அவர் பார்த்தார். கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பிலேயே கடவுளின் வல்லமையும் பராமரிப்பும் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். அவ்வளவுதான். தரிசனம் இல்லை, வானத்திலிருந்து குரலும் இல்லை.

அதுக்கப்புறம் வாழ்க்கை நேரா மடத்துக்குப் போகலை. அவர் படையில் சேர்ந்தார். ஒற்றன் என்ற சந்தேகத்தில் பிடிபட்டு, தூக்கிலிடப்போவதாக மிரட்டப்பட்டுத் தப்பினார். பிறகு போரில் காயப்பட்டு, வாழ்நாள் முழுக்கக் கால் ஊன்றி நடக்கச் சிரமப்பட்டார். பாரிஸில் ஒரு பெரிய வீட்டில் பணியாளாக இருந்தார். அங்கே அவருக்கு இருந்த பேர் என்ன தெரியுமா? கை வெச்சதை எல்லாம் உடைக்கிற ஆள். அவரே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

1640இல் பாரிஸின் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்து, 'உயிர்த்தெழுதலின் லாரன்ஸ்' என்ற பெயரை ஏற்றார். குருவாக இல்லை, உடலுழைப்பு செய்யும் சகோதரராக. மடத்தில் படித்தவர்கள் திருப்பலி நிறைவேற்றுவார்கள், பிரசங்கம் செய்வார்கள். லாரன்ஸ் மாதிரியானவர்களுக்குப் பாத்திரமும் அடுப்பும்தான்.

இங்கே ஒரு சின்ன பின்னணி. இந்தச் சபையைச் சீர்திருத்தியவர் ஸ்பெயினின் அவிலா தெரசா. ஜெபம் என்பது நம்மை நேசிக்கிறவர் என்று நமக்குத் தெரிந்த ஒரு நண்பரோடு தனியாக உரையாடுவது, இதுதான் அவர் தந்த விளக்கம். 1559இல் ஸ்பானிய விசாரணை மன்றம் சாதாரண மக்கள் மொழியில் இருந்த பல பக்தி நூல்களைத் தடை செய்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். லத்தீன் தெரியாத பெண்கள் கடவுளோடு நேரடியா பேசலாம்னு சொல்றது அப்போ ஆபத்தான பேச்சு. தெரசா எழுதிய தன்வரலாறும் அந்த மன்றத்தின் பரிசீலனைக்குப் போனது. லாரன்ஸ் போய்ச் சேர்ந்தது இப்படி ஒரு மரபில்.

அங்கே போனதும் எல்லாம் சரியாயிடுச்சா? இல்லை. முதல் பத்து வருஷம் கடுமையான மன வேதனை. பழைய பாவங்கள் கண்முன் வந்து நின்றன. மனிதர்கள், தன் அறிவு, ஏன், கடவுளே தனக்கு எதிராக இருப்பதுபோல் தோன்றியதாக ஒரு கடிதத்தில் எழுதுகிறார். கடைசியில், இந்த வேதனை சாகும்வரை போகாவிட்டாலும் பரவாயில்லை, கடவுளை நேசிப்பதை விடப்போவதில்லை என்று முடிவெடுத்தார். அதன் பிறகுதான் மனதில் அமைதி வந்தது.

இந்த இடம் முக்கியம். நட்புன்னு சொன்னதும் நமக்கு ஒரு இனிமையான உணர்வு ஞாபகம் வரும். லாரன்ஸோட கதையில் உணர்வு ரொம்ப லேட்டா வருது. முதலில் வந்தது, பக்கத்திலேயே இருப்பது என்ற தீர்மானம்.

சமையல் வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் பல வருடங்கள் அதைத்தான் செய்தார். வேலை தொடங்கும் முன் கடவுளிடம் உதவி கேட்பார், நடுவில் இரண்டு வார்த்தை பேசுவார், முடிந்ததும் நன்றி சொல்வார். மனப்பாட ஜெபம் எதுவும் தேவைப்படவில்லை. வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்வதாகச் சொன்னார். ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டுக் கத்தும்போதும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் அதே அமைதி தனக்கு இருக்கிறது என்பார். மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். கால் ஊனத்தால் படகில் நடக்க முடியவில்லை. பீப்பாய்கள்மேல் உருண்டுதான் அந்தப் பக்கம் போனார். வியாபாரமும் தெரியாது. இது உங்க வேலை, நீங்க பார்த்துக்கோங்க என்கிற மாதிரி கடவுளிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலை நல்லபடி முடிந்தது என்றும் சொல்கிறார்.

தப்பு செஞ்சா? அதை ஒத்துக்கொள்வார், நீங்கள் விட்டுவிட்டால் நான் எப்போதும் இப்படித்தான் செய்வேன் என்பார், அதோடு விட்டுவிடுவார். திரும்பத் திரும்பத் தன்னையே குத்திக்கொள்வதில்லை. பத்து வருஷ வேதனைக்கு அப்புறம் அவர் கத்துக்கிட்ட பாடம் இதுதான்னு எனக்குத் தோணுது. நெருங்கிய நண்பர்கிட்ட மன்னிப்புக் கேட்ட பிறகு, அவர் மன்னிச்சாரா இல்லையான்னு மறுபடி மறுபடி சோதிச்சுக்கிட்டே இருந்தா அந்த நட்பு எப்படி இருக்கும்?

ஒரு கடிதத்தில் அவர் தரும் காட்சியைச் சொல்லியே ஆகணும். உடம்பெல்லாம் புண்ணோடு, ராஜாவுக்கு எதிராகக் குற்றம் செய்த ஒருவனாகத் தன்னை அவர் நினைத்துப் பார்க்கிறார். தண்டனைக்குத் தயாராக ராஜாவின் முன் நிற்கிறார். ராஜாவோ அவரை அணைத்துக்கொண்டு, தன் பந்தியில் உட்காரவைத்து, தன் கையாலேயே பரிமாறி, கருவூலத்தின் சாவியையும் கொடுக்கிறார்.

அவர் காலத்து பிரான்ஸின் ராஜா யார்? பதினான்காம் லூயி. காலையில் ராஜாவுக்குச் சட்டையை எடுத்துக் கொடுப்பதே உயர்குடிகளுக்கு மட்டும் கிடைக்கும் கௌரவமாக இருந்த அரண்மனை அது. அந்த நாட்டில் ஒரு மடத்துச் சமையல்காரர், ராஜா எனக்குப் பரிமாறுகிறார் என்று எழுதுகிறார். அரிஸ்டாட்டில் சொன்ன இடைவெளியை அவர் மறுக்கவே இல்லை. தான் குற்றவாளி, எதிரில் இருப்பவர் ராஜா. அந்த இடைவெளியைத் தாண்டி வருவது ராஜாதான்.

லாரன்ஸ் புத்தகம் எதுவும் வெளியிடவில்லை. 1666இல் ஜோசஃப் த போஃபோர் என்ற குரு அவரைச் சந்தித்து, உரையாடல்களைக் குறித்து வைத்தார். லாரன்ஸ் 1691 பிப்ரவரி 12 அன்று இறந்தார். அதன் பிறகு கடிதங்களையும் உரையாடல்களையும் போஃபோர் அச்சிட்டார்.

நேரம்தான் சரியில்லை. சும்மா கடவுள் முன் அமைதியாக இருந்தாலே போதும் என்கிற மாதிரியான பக்திமுறைமேல் அப்போது திருச்சபைக்குப் பெரிய சந்தேகம். மதாம் கியோன் என்ற பெண்மணி பாஸ்டீல் சிறையில் இருந்தார். அவருக்கு ஆதரவாக நின்றவரும் லாரன்ஸை நேரில் சந்தித்தவருமான பேராயர் ஃபெனலோனின் நூலிலிருந்து 23 கருத்துகளை 1699இல் ரோம் கண்டித்தது. இந்தச் சூழலில் கத்தோலிக்க பிரான்ஸ் லாரன்ஸையும் மெல்ல மறந்தது. அதே 1699இல் அவருடைய எழுத்துகளை மறுபடி வெளியிட்டவர் பியர் புவாரே என்ற புரொட்டஸ்டண்ட். பிறகு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தன் 'கிறிஸ்தவ நூலக' வரிசையில் அவற்றைச் சேர்த்தார். ஒரு கத்தோலிக்கத் துறவியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது புரொட்டஸ்டண்ட் கைகள்தான்.

ஒரு கேள்வி நியாயமா வரும். அவருக்கு வாடகை இல்லை, குழந்தை இல்லை, இஎம்ஐ இல்லை. நமக்கு இது ஒத்துவருமா? மடத்துக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கும் அவர் கடிதம் எழுதினார். ஜெபத்தில் மனம் அலைபாயுதுன்னு கேட்டவருக்கு அவர் தந்த ஆலோசனை ரொம்ப எளிமையானது: பணக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பேச முடியாத பிச்சைக்காரனைப் போலக் கடவுள் முன் இருங்கள், மனம் விலகினால் பதறாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பெரிய நேரம் ஒதுக்கணும்னு அவர் கேட்கலை. அடுப்பு எரியும்போதே ரெண்டு வார்த்தை பேசுங்கன்னுதான் சொன்னார். அவருக்கு அந்தப் பழக்கம் படிய பத்து வருஷம் ஆச்சு. அதனால, முதல் வாரத்திலேயே ஒண்ணும் நடக்கலையேன்னு யாராவது சொன்னா, இந்தச் சமையல்காரரோட கதையை அவங்களுக்குச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.