அலங்கார மீன் வளர்ச்சியில் குடல் பாக்டீரியாக்கள்: ஒரு கருத்தாக்கத்தின் வரலாறு

முன்னுரை

அலங்கார மீன்களின் தீவனத்தில் நன்மை பயக்கும் பாக்டீரியாக்களைச் சேர்த்து ஊட்டும் முறை ‘புரோபயாடிக்’ எனப்படுகிறது. இச்சொல்லும் அதன் பயனை அளக்கும் முறையும் மீன்வளர்ப்பில் தோன்றியவை அல்ல. அவை எங்கிருந்து வந்தன, அலங்கார மீனுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

1965இல் லில்லி, ஸ்டில்வெல் ஆகியோர் ஒரு நுண்ணுயிரி சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளைப் ‘புரோபயாடிக்’ என்றனர். 1989இல் ஃபுல்லர், விலங்கின் குடல் நுண்ணுயிர்ச் சமநிலையை மேம்படுத்தும் உயிருள்ள தீவனச் சேர்க்கை என இதனை வரையறுத்தார். மீனின் குடலும் அது வாழும் நீரும் நுண்ணுயிரிகளை ஓயாது பரிமாறிக்கொள்கின்றன. எனவே 2000இல் வெர்சூர் குழுவினர் நீரின் தரத்தையும் இவ்வரையறைக்குள் கொணர்ந்தனர்.

வளர்ச்சி என்னும் அளவுகோல்

1950இல் ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் ஆகியோர் குளோர்டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கோழிக்குஞ்சுகளின் வளர்ச்சியை விரைவுபடுத்துவதை அறிவித்தனர். அதன்பின் ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கால்நடை வளர்ப்பில் பரவியது. நுண்ணுயிரிகளின் மருந்தெதிர்ப்பு பெருகும் என்ற அச்சத்தால், வளர்ச்சிக்காக அவற்றைத் தருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் முற்றிலும் தடைசெய்தது. மாற்றாக முன்னிறுத்தப்பட்ட புரோபயாடிக்கும் எடை கூடுதல் என்னும் அதே அளவுகோலால் மதிப்பிடப்பட்டது.

மண்ணிலிருந்து குடலுக்கு

1986இல் ஜப்பானில் கோசாசா, மண்ணிலிருந்து பெறப்பட்ட பேசில்லஸ் டோயோய் வித்துகளை உணவுமீனான மஞ்சள்வால் மீனுக்கு ஊட்டினார். மீன்வளர்ப்பில் புரோபயாடிக் பயன்பாட்டின் தொடக்கமாக இது சுட்டப்படுகிறது. 2008இல் கோஷ், சின்ஹா, சாஹு ஆகியோர் மிர்கால் கெண்டையின் குடலிலிருந்து பிரித்த பேசில்லஸ் சப்டிலிஸை கப்பி, மோலி, வாள்வால், பிளாட்டி ஆகிய குட்டியிடும் அலங்கார மீன்களுக்கு அளித்தனர். வளர்ச்சியும் பிழைப்பு வீதமும் உயர்ந்தன. புரோட்டியேஸ், அமைலேஸ் நொதிகளின் செயற்பாடும் கூடியது. செரிமானம் மேம்படுவதே வளர்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை இது உணர்த்துகிறது. எனினும் அப்பாக்டீரியா வேறோர் இனத்தின் குடலுக்குரியது.

இங்கு வரிக்குதிரை மீன் ஆய்வுகள் துணைநிற்கின்றன. கங்கைப் பகுதி மீன்களைப் பற்றிய தம் நூலில் 1822இல் ஹாமில்டன் விவரித்த இம்மீன், பின்னர் அலங்கார மீனாகவும் ஆய்வுக்கூட உயிரியாகவும் ஆனது. 2006இல் ரால்ஸ் குழுவினர், நுண்ணுயிரியற்ற வரிக்குதிரை மீன்களின் குடலில் எலியின் குடல் நுண்ணுயிரிகளைக் குடியேற்றினர். வந்த பாக்டீரியா வகைகள் எலிக்குரியவையாகவே இருந்தன. அவற்றின் விகிதமோ மீனின் குடலுக்கு ஏற்ப மாறியது. பாக்டீரியா குடலை மாற்றுவதுபோலவே குடலும் பாக்டீரியாவைத் தெரிவுசெய்கிறது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அந்தந்த மீனினத்தின் குடலிலிருந்தே பெறும் பாக்டீரியாக்களைப் பிற மூலங்களுடன் ஒப்பிட்டுச் சோதிப்பது இன்றியமையாதது. இரண்டாவது, உணவுமீன் எடையால் விலைபெறுகிறது. அலங்கார மீனோ நிறத்தாலும் வடிவாலும் உயிர்ப்பாலும் விலைபெறுகிறது. ஆதலால், கோழிப்பண்ணையிலிருந்து வந்த எடை என்னும் அளவுகோலை மட்டும் கொண்டு அலங்கார மீனுக்கான புரோபயாடிக்கை மதிப்பிடுதல் போதாது.