செஞ்சி அருகே ஒரு சலாம்

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் 1750ஆம் வருடம் டிசம்பர் மாதம் ஒரே வரியில் முடிந்துவிடும். செஞ்சிக்கு அருகே பிரெஞ்சுப் படை நாசிர் ஜங்கை வென்றது, துய்ப்ளெக்ஸின் புகழ் உச்சிக்குப் போனது, அவ்வளவுதான். பரீட்சையிலும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். அந்த வெற்றிக்குள் என்ன இருந்தது என்பதை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. நெல்லிக்குப்பத்தில் பண்ருட்டி பஸ் ஏறிப் போனால் திருவதிகை. அங்கே வீரட்டானேஸ்வரர் கோயிலை அந்த வருடம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கோட்டையாக்கிக் கொண்டார்கள். மீட்க வந்தவர் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலி. அவருக்குத் துணையாக நம் தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து கேப்டன் கோப் தலைமையில் ஆங்கிலப் படை போயிற்று. கெடிலக்கரையை ஒட்டி நம் ஊர்ப்பக்கமாகத்தான் போயிருப்பார்கள். ஆனால் படைச் செலவுக்குப் பணம் வரவில்லை, சொன்னபடி முகமது அலி கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, பெரிய சண்டைக்கு முன்பே ஆங்கிலேயர் கோட்டைக்குத் திரும்பிவிட்டார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி முகமது அலியின் படை சிதறியது. பத்து நாள் கழித்து புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். நடுவழியில் கைவிடுவது அந்தக் காலத்தில் அவ்வளவு சாதாரணம்.

பெரிய துரோகத்துக்கு வருகிறேன். 1748இல் ஐதராபாத் நிஜாம் இறந்ததும் மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் பதவிச் சண்டை. முசாபர் பக்கம் துய்ப்ளெக்ஸும் சந்தா சாகிபும். 1750இல் நாசிர் ஜங் பெரும் படையோடு நம் சீமைக்கு வந்தார். பிரெஞ்சு அதிகாரிகளே முரண்டு பிடித்ததால் அவர்கள் படை இரவோடு இரவாகப் புதுச்சேரிக்குப் பின்வாங்க, முசாபர் தனியாக நின்றார்.

அப்போது கடப்பை, கர்நூல், சவனூர் ஆகிய மூன்று ஊர்ப் பட்டாணிய நவாபுகள் நடுவில் நின்று பேசினார்கள். மூவரும் நாசிர் ஜங்குக்குக் கட்டுப்பட்டவர்கள். சிறை வைக்கமாட்டேன், பதவியைப் பறிக்கமாட்டேன் என்று நாசிர் ஜங் குரான் மேல் சத்தியம் செய்தார். அதை நம்பி வந்த அக்காள் மகனுக்குக் கிடைத்தது கால்விலங்கு. நடுவில் நின்று வாக்குக் கொடுத்தவர்களின் முகம் என்ன ஆகியிருக்கும்! கல்யாணத்துக்கோ கடனுக்கோ நடுவில் நின்று கெட்ட பேர் வாங்கியவர்களுக்கு அது புரியும். மூவரும் துய்ப்ளெக்ஸுக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார்கள். ஏழெட்டு மாதம் ஒரே முகாமில், அவர் சோற்றைத் தின்றுகொண்டே, சதி வளர்ந்தது.

செஞ்சி போன பிறகுதான் நாசிர் ஜங் ஆற்காட்டை விட்டுக் கிளம்பினார். நம் ஐப்பசி கார்த்திகை மழை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. செஞ்சியிலிருந்து 16 மைல் தூரத்தில், ஆற்று வெள்ளத்துக்கு நடுவே முகாம் மாட்டிக்கொண்டது. தானியம் இல்லை, நோய் வேறு. அலுத்துப்போய் துய்ப்ளெக்ஸ் கேட்டதையெல்லாம் கொடுப்பதாக உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார். அதே வேளையில் சதிகாரர்கள் செஞ்சியிலிருந்த தெ லா தூஷுக்கு, ‘புறப்படு’ என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு இருந்தவன் நான். ஒரு மேசையில் சமாதானம் கையெழுத்தாகும், இன்னொரு மேசையிலிருந்து அதற்கு நேர் எதிரான உத்தரவு தபாலுக்குப் போய்விடும். எங்கள் பிரிவில் அதனால் யாருக்காவது இன்கிரிமெண்ட் தள்ளிப்போகும். இங்கே ஒரு ராஜ்யமே போயிற்று. ஆனால் துய்ப்ளெக்ஸை இதைச் சொல்லித் தப்பவிட எனக்கு மனமில்லை. இரண்டு மேசையிலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

டிசம்பர் 16, விடியும் முன்னே தாக்குதல். பிரெஞ்சுக்காரர் 800 பேர், சிப்பாய்கள் 3000 பேர், பீரங்கி 10. நேற்றுத்தான் சமாதானம் எழுதிக் கொடுத்தோமே என்று நாசிர் ஜங் முதலில் நம்பவில்லை. பிறகு முசாபரின் தலையை வெட்டச் சொல்லிவிட்டு யானை ஏறினார். முசாபருக்குக் காவல் இருந்தவனும் சதியில் ஒருவன், தலை தப்பியது.

கடப்பை நவாபின் படை அசையாமல் நின்றது. அதைத் தட்டியெழுப்ப நாசிர் ஜங் யானையை அங்கே விட்டார். கிட்டே போய், தானே முதலில் சலாம் செய்தார். பதில் சலாம் வரவில்லை. இருட்டில் ஆள் தெரியவில்லை என்று நினைத்து, அம்பாரியில் எழுந்து நிமிர்ந்து மறுபடியும் முகம் காட்டினார். இரண்டு குண்டு நெஞ்சில் பாய்ந்தது. தலையை ஈட்டியில் குத்தி முகாமில் காட்டியதும் சண்டை நின்றது. ஆங்கிலேயரான ராபர்ட் ஓர்ம் எழுதிய இந்த விவரத்தைப் படித்த அன்று இரவு எனக்கு அந்த இரண்டாவது நிமிர்வுதான் திரும்பத் திரும்ப வந்தது. சத்தியம் மீறியவர்தான், ஐயமில்லை. ஆனாலும் தன் ஆள் தன்னைச் சுடுவான் என்று கடைசி வரை அவருக்குத் தோன்றவில்லை.

புதுச்சேரியில் ஒரே கோலாகலம். முசாபர் நிஜாமானார், துய்ப்ளெக்ஸ் மொகலாய உடையில் தர்பாரில் உட்கார்ந்தார். பட்டாணியர் கேட்ட பங்கு முழுதாகக் கிடைக்கவில்லை. 1751 பிப்ரவரியில் ராயசோட்டி கணவாயில் அதே மூவரும் முசாபரையே மறித்தார்கள். சவனூர் நவாப் வெட்டுண்டார். கர்நூல் நவாபின் ஈட்டி முசாபரைக் கொன்றது, அவரும் அங்கேயே மாண்டார். சுட்ட கடப்பைக்காரர் மட்டும் காயத்தோடு ஓடிப்போனார்.

நாசிர் ஜங் விழுந்த இடத்தில் துய்ப்ளெக்ஸ் தன் பெயரால் ‘துய்ப்ளெக்ஸ் பத்தேகாபாத்’, அதாவது வெற்றிநகர் என்று ஓர் ஊரும், பல மொழிகளில் கல்வெட்டு எழுதிய ஒரு தூணும் எழுப்பத் தொடங்கினார். 1752இல் காவேரிப்பாக்கத்தில் ஜெயித்துத் திரும்பிய கிளைவ் அதைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்.