லிலோ: நான்கு எழுத்துகளில் பிழை சொன்ன துவக்க நிரல்

லிலோ என்பது லினக்ஸ் இயங்குதளத்தை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றித் துவக்கிவைக்கும் ஒரு சிறு நிரல். 'லினக்ஸ் லோடர்' என்னும் பெயரின் சுருக்கம் இது. 1992 முதல் 1998 வரை இதை எழுதிப் பராமரித்தவர் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர். அதன்பின் ஜான் காஃப்மன் பொறுப்பேற்றார். 1990களில் லினக்சைத் தம் கணினியில் நிறுவியவர்களில் பெரும்பாலோர் இதைக் கடந்தே சென்றனர். அது வேலை செய்தால் திரையில் எல், ஐ, எல், ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். பாதியில் நின்றுபோனால், எந்த எழுத்தோடு நின்றது என்பதிலிருந்தே கோளாறு எங்கே என்று கண்டுகொள்ளலாம்.

இருவரின் வன்தட்டுக்கான இயங்குதளம்

லினக்சின் முதல் வெளியீடான 0.01, 1991 செப்டம்பரில் வந்தது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம்முடைய 386 கணினிக்காக எழுதியது அது. வன்தட்டின் அளவுகளும், கோப்புகள் எந்தப் பார்ட்டிஷனில் உள்ளன என்பதும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. அமைப்புக் கோப்பில் இரண்டே தெரிவுகள்: ஒன்று டோர்வால்ட்ஸின் வன்தட்டு, மற்றது அவருடைய நண்பர் லார்ஸ் விர்சேனியஸின் வன்தட்டு. விசைப்பலகையும் ஃபின்லாந்து அமைப்புதான். மூன்றாவது ஒருவர் இதை நிறுவ வேண்டுமானால் அந்த எண்களைத் தம் வன்தட்டுக்கு ஏற்ப மாற்றி, மினிக்ஸ் இயங்குதளத்தில் மீண்டும் தொகுக்க வேண்டும். ஓர் எண் பிழைத்தாலும் கணினி துவங்காது. ஆக, லினக்சின் முதல் நிறுவல்கள் எல்லாமே ஒரு வகையில் பழுதுபார்ப்பு வேலைதான்.

டோர்வால்ட்ஸும் இதில் அடிபட்டவர். ஒருநாள் மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள நினைத்தவர், தவறுதலாகத் தொலைபேசி அழைப்புக் கட்டளையைத் தம் வன்தட்டுக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பார்ட்டிஷன் பாழானது. மினிக்சை மறுபடி நிறுவுவதா, லினக்சையே தனித்து இயங்குமாறு வளர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது இரண்டாவதைத் தேர்ந்தார். ஒரு தட்டச்சுப் பிழை அந்த முடிவை விரைவுபடுத்தியது என்று சொன்னால் மிகையல்ல.

446 பைட்டு இடம்

கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும் பயாஸ் என்னும் நிலைநிரல் வன்தட்டின் முதல் செக்டரை மட்டும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, அதில் உள்ள கட்டளைகளிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அந்தச் செக்டரின் அளவு 512 பைட்டு. அதில் 64 பைட்டு பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட்டு அடையாளக் குறிக்கு. எஞ்சியது 446 பைட்டு. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியைக்கூட யூனிகோட் எழுத்தில் அதற்குள் அடக்க முடியாது.

இவ்வளவு சிறிய இடத்தில் கோப்பு முறைமையைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவை வைக்க வழியில்லை. எனவே ஆல்மெஸ்பெர்கர் வேலையை இரண்டாகப் பிரித்தார். முதல் கட்டம் துவக்கச் செக்டரில் இருக்கும். அது இரண்டாம் கட்டத்தை வன்தட்டிலிருந்து அழைக்கும். இரண்டாம் கட்டம் கெர்னல் எனப்படும் இயங்குதளக் கருவை அழைக்கும். இவை வன்தட்டின் எந்தெந்தச் செக்டர்களில் கிடக்கின்றன என்பதை, லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டளை கணக்கெடுத்து 'மேப்' என்னும் கோப்பில் எழுதிவைக்கும். துவக்க நேரத்தில் லிலோவுக்குக் கோப்பின் பெயர் தெரியாது, முகவரி மட்டுமே தெரியும்.

வீடு மாறியவர் அஞ்சலகத்துக்குத் தகவல் சொல்லாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்கே போகும் அல்லவா? புதிய கெர்னலைத் தொகுத்துப் பழைய பெயரிலேயே நகலெடுத்தாலும் அது வன்தட்டில் வேறு இடத்தில்தான் உட்காரும். லிலோ கட்டளையை மறுபடி இயக்க மறந்தால் அடுத்த துவக்கம் பழைய முகவரியைத் தேடிப் போகும். அக்காலத்தில் தோல்வியடைந்த நிறுவல்களில் மிகச் சாதாரணமான காரணங்களுள் இதுவும் ஒன்று.

எழுத்துகளின் பொருள்

விரிவான பிழைச் செய்தி எழுத 446 பைட்டில் இடம் ஏது? ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டார் ஆல்மெஸ்பெர்கர். நிரலின் பெயரே நோயறியும் கருவியாகிவிட்டது.

எதுவுமே தோன்றாவிட்டால் லிலோவின் எந்தப் பகுதியும் ஏறவில்லை. அது நிறுவப்படவில்லை, அல்லது அது இருக்கும் பார்ட்டிஷன் செயல்நிலையில் இல்லை. முதல் 'எல்' தோன்றி, அதைத் தொடர்ந்து ஈரிலக்க எண்கள் வரிசையாக ஓடினால், முதல் கட்டம் இயங்குகிறது, இரண்டாம் கட்டத்தைப் படிக்க முடியவில்லை. அந்த எண்கள் பயாஸ் தரும் பிழைக் குறியீடுகள். 04 என்றால் கேட்ட செக்டர் இல்லை, 80 என்றால் வன்தட்டு பதில் சொல்லவில்லை. முதலாவது கணக்குப் பிழையைக் காட்டுகிறது, இரண்டாவது கம்பி இணைப்பைப் பார்க்கச் சொல்கிறது.

'எல் ஐ' என்று நின்றால், இரண்டாம் கட்டம் படிக்கப்பட்டும் ஓடவில்லை. பெரும்பாலும் அக்கோப்பை யாரோ இடம் மாற்றிவிட்டு, லிலோ கட்டளையை இயக்காமல் விட்டிருப்பார்கள். 'எல் ஐ எல்' என்று நின்றால், இரண்டாம் கட்டம் ஓடத் தொடங்கியும் மேப் கோப்பிலிருந்து தனக்கு வேண்டிய அட்டவணையைப் படிக்க முடியவில்லை. அதற்குப் பின் ஒரு கேள்விக்குறி வந்தால் நிரல் தவறான முகவரியில் ஏறியிருக்கிறது. சிறு கோடு வந்தால் அட்டவணை பழுதாகியிருக்கிறது. நான்கு எழுத்தும் வந்துவிட்டால் லிலோவின் எல்லாப் பகுதிகளும் சரியாக ஏறிவிட்டன என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏறத்தாழ எல்லாக் குறிகளுக்கும் பொதுவான சந்தேகப் புள்ளி ஒன்றுதான்: வன்தட்டின் வடிவக் கணக்கில் பயாசுக்கும் லினக்சுக்கும் உள்ள முரண்பாடு. பழைய பயாஸ், சிலிண்டர் எண்ணுக்குப் 10 பிட் மட்டுமே ஒதுக்கியது. எனவே 1024 சிலிண்டருக்கு அப்பால் அதனால் போக முடியாது. 16 ஹெட், 63 செக்டர் என்ற கணக்கில் இது சுமார் 528 மெகாபைட்டு. பின்னர் 255 ஹெட் என்று கணக்கை மாற்றிக்கொண்டபோது எல்லை சுமார் 8.4 கிகாபைட்டுக்கு உயர்ந்தது. லினக்ஸ் ஓடத் தொடங்கியபின் பயாசின் உதவி அதற்குத் தேவையில்லை, முழு வன்தட்டும் தெரியும். நிறுவும்போது எல்லாம் நன்றாக நடந்து, மறுதுவக்கத்தில் மட்டும் கெட்டுப்போனதன் மர்மம் இதுதான். கெர்னல் எல்லைக்கு அப்பால் விழுந்திருந்தால் லிலோவால் அதைத் தொடவே முடியாது. வன்தட்டின் தொடக்கத்திலேயே துவக்கக் கோப்புகளுக்கென ஒரு சிறு பார்ட்டிஷன் ஒதுக்கும் பழக்கம் இதனால் வேரூன்றியது. காரணம் மறைந்தபின்னும் பழக்கம் பல ஆண்டு நீடித்தது.

வெட்டிக் குறைத்த கெர்னல்

அன்று 4 மெகாபைட்டு நினைவகம் உள்ள 386 கணினிகளில் லினக்ஸ் ஓட வேண்டியிருந்தது. கெர்னல் நினைவகத்தில் பிடிக்கும் இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. ஆகவே தமக்கு வேண்டாத சாதன இயக்கிகளை நீக்கி, தம் கணினிக்கென்றே கெர்னலைத் தொகுப்பது வழக்கமாயிற்று. தொடக்கக்கால வடிவத்தில், சுருக்கிய கெர்னல் ஏறத்தாழ அரை மெகாபைட்டைத் தாண்டினால், 'மிகப் பெரிதாகிவிட்டது' என்று தொகுக்கும்போதே பிழை வந்துவிடும். ஆகக் குறைப்பது விருப்பம் மட்டுமல்ல, பலருக்குக் கட்டாயமும்கூட.

வேண்டாதது எது என்று தீர்மானிப்பதில்தான் வினை. தொகுப்புக் கட்டளை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்: இந்த அட்டை உண்டா, அந்தக் கோப்பு முறைமை வேண்டுமா? தம் கணினியில் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாதவர் 'வேண்டாம்' என்று ஒன்றைத் தள்ளிவிடுவார். மறுதுவக்கத்தில் நான்கு எழுத்தும் வரும், வரிவரியாகச் செய்திகள் ஓடும், கடைசியில் வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற அறிவிப்போடு கெர்னல் நின்றுவிடும். 'கெர்னல் பேனிக்' என்று இதற்குப் பெயர்.

அந்த அறிவிப்போடு 03:01 போன்ற ஓர் இணையெண்ணும் வரும். பலர் அதைப் படிக்காமலே மறுபடி முதலிலிருந்து நிறுவினார்கள். பாவம், மறுபடி அதே இடத்தில் நின்றது. முதல் எண் சாதன வகை, இரண்டாவது பார்ட்டிஷன். 03 என்றால் முதல் ஐடிஇ இணைப்பு, 08 என்றால் ஸ்கசி வன்தட்டு. ஸ்கசி வன்தட்டு உள்ளவருக்கு 03:01 என்று வந்தால், கெர்னல் வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்று பொருள். எண் சரியாக இருந்தும் நின்றால், அந்த வன்தட்டுக்கான இயக்கியோ கோப்பு முறைமையோ கெர்னலுக்குள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையான வகை உண்டு. தேவைப்படும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளும் மாட்யூல்கள் வந்தபின், சிலர் வன்தட்டுக் கோப்பு முறைமையையே மாட்யூலாக்கினர். அந்த மாட்யூல் இருப்பதோ அதே வன்தட்டில். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. இதற்குத் தீர்வாக வந்தது 'இனிட்ஆர்டி': துவக்கத் தேவைக்கான மாட்யூல்களைக் கொண்ட ஒரு தற்காலிக வட்டின் பிம்பத்தைத் துவக்க நிரலே கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றிவிடும். இதன் 1996ஆம் ஆண்டு ஆவணத்தை எழுதியவர்கள் ஹான்ஸ் லெர்மனும், அதே ஆல்மெஸ்பெர்கரும்.

கெர்னலோடு நில்லாமல் கோப்புகளையும் வெட்டியவர்களுக்கு வேறு தொல்லைகள். ஒரே ஃபிளாப்பியில் லினக்சை அடக்க முயன்றவர்கள் இவற்றை நன்கு அறிவார்கள். திரைக்குரிய 'கன்சோல்' என்னும் சாதனக் கோப்பை நீக்கிவிட்டால், முதல் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்ற ஒரு வரியோடு திரை மௌனமாகிவிடும். அதைவிடக் குழப்பியது இன்னொன்று: கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனால் இயக்கினால் 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வரும். இல்லாதது அந்த நிரல் அல்ல, அதை நூலகங்களோடு இணைத்து ஏற்றும் மற்றொரு கோப்பு. ஒரு நிரலுக்கு எந்தெந்த நூலகங்கள் தேவை என்று பட்டியலிடும் 'எல்டிடி' கட்டளையை வெட்டுவதற்கு முன்பே இயக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை குறைவு.

மீட்பு வழிகள்

வீட்டில் இருப்பது ஒரே கணினி, அதில் விண்டோசும் அனைவரது கோப்புகளும் உள்ளன என்ற நிலையில் துவக்கச் செக்டர் கெட்டால் பதற்றம் இயல்பே. உண்மையில் பெரும்பாலும் கோப்புகள் பத்திரமாகவே இருந்தன, போய்ச்சேரும் வழிதான் அடைபட்டிருந்தது. பதறிப்போய் வன்தட்டை அழித்து மறுபடி நிறுவியவர்களே உண்மையான இழப்பைச் சந்தித்தனர்.

லிலோ தன்னை எழுதுமுன் பழைய துவக்கச் செக்டரை ஒரு கோப்பாகச் சேமித்துவைத்தது. அதைத் திரும்ப எழுதலாம். டாஸ் ஃபிளாப்பியில் உள்ள எஃப்டிஸ்க் கட்டளைக்கு 'எம்பிஆர்' என்ற துணைச் சொல்லைக் கொடுத்துப் பழைய துவக்க நிரலை மீட்பது இன்னொரு வழி. லினக்சையே சரிசெய்ய விரும்புபவர், டாம் ஓசர் உருவாக்கிய 'டாம்ஸ்ஆர்டிபிடி' போன்ற மீட்பு ஃபிளாப்பியில் துவக்குவார். வழக்கமான 1.44 மெகாபைட்டுக்குப் பதில் 1.722 மெகாபைட்டாக வடிவமைத்த ஒரே ஃபிளாப்பியில் ஒரு சிறு லினக்ஸ் முழுவதும் அதில் இருந்தது. அதிலிருந்து வன்தட்டை ஏற்றி, அதையே வேராகக் கருதுமாறு சொல்லி லிலோ கட்டளையை இயக்கினால் மேப் புதிதாக எழுதப்படும். பழைய கெர்னலையும் லிலோ பட்டியலில் இரண்டாவது தெரிவாக விட்டுவைத்தவருக்கு ஃபிளாப்பியே தேவைப்படவில்லை.

பிற்காலம்

1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் என்னும் துவக்க நிரல் கோப்பு முறைமையைத் தானே படிக்கக் கற்றிருந்தது. கெர்னல் இடம் மாறினாலும் பெயரைக் கொண்டு கண்டுபிடித்துவிடும். எழுத்துகளுக்குப் பதிலாக எண்களால் பிழை சொன்னது: 15 என்றால் கோப்பு இல்லை, 17 என்றால் பார்ட்டிஷனைப் படிக்க முடியவில்லை. 1024 சிலிண்டர் எல்லையைத் தாண்டும் வசதியை லிலோவும் 2000 வாக்கில் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் பெரிய லினக்ஸ் வழங்கல்கள் ஒவ்வொன்றாகக் கிரப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தன.

வெட்டிக் குறைக்கும் ஆர்வம் மட்டும் குறையவில்லை. 1999இல் கெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்', ஒவ்வொரு நிரலையும் மூலத்திலிருந்து தொகுத்து இயங்குதளத்தைக் கட்டக் கற்றுத்தருகிறது. அதில் கெர்னல் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதுவரை செய்த வேலையெல்லாம் சரியா என்பது முதல் மறுதுவக்கத்தில்தான் தெரியும். ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் வெளியிட்ட 'டைனி கோர் லினக்ஸ்', அடிப்படை அமைப்பு முழுவதையுமே துவக்க நேரத்துத் தற்காலிக வட்டுக்குள் வைத்து நினைவகத்திலேயே இயங்குகிறது.

லிலோவின் மேம்பாடு 2015 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எனினும் 2022இல் வந்த ஸ்லாக்வேர் 15.0 பதிப்பிலும் அது இடம்பெற்றிருந்தது.