பிச்சிஞ்சா மலையின் இன்னொரு வரலாறு

ஈக்வடாரின் தலைநகர் குயிட்டோ, பிச்சிஞ்சா என்னும் எரிமலையின் சரிவையொட்டி நீண்டு கிடக்கிறது. அந்நாட்டு வரலாற்றைப் புரட்டுவோர்க்கு அம்மலை ஒரு போர்க்களம். 1822 மே 24ஆம் நாள் சுக்ரேயின் படை அங்கே ஸ்பானிய அரசின் படையை வென்றது. நகரம் விடுதலை பெற்றது. நாம் இங்கே சொல்லப் புகுவது அதே மலையின் இன்னொரு வரலாறு. அதன் முடிவு இன்னும் எழுதப்படவில்லை.

ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. நம் தோட்டத்துத் தேன்சிட்டு வேறு குடும்பம். அவற்றுள் ஓரினம், ஒரு சாண் நீளங்கூட இல்லாதது, பிச்சிஞ்சாவின் முகடுகளை ஒட்டிய ஈரக்காட்டில் வாழ்கிறது. 1852இல் பூர்சியே, முல்சான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினர். பூர்சியே ஈக்வடாரில் பிரான்சின் தூதரகப் பொறுப்பு வகித்தவர். ஆண்பறவையின் கரிய மார்பைக் கண்டு, 'கருப்பாடை உடுத்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அவர்கள் தேர்ந்தனர். ஸ்பானியப் பெயரோ கால்களைக் கண்டது. ஆண்டீஸ் மலைநாட்டுக் குதிரைக்காரர் காற்சட்டைமேல் அணியும் ஆட்டுத்தோல் உறை 'சமாரோ' எனப்படும். கால்களில் வெண்பஞ்சுபோல் இறகு திரண்ட இச்சிட்டு அதனால் 'சமாரித்தோ' ஆயிற்று.

அருங்காட்சியகங்களில் இதன் பதனிட்ட உடல்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. ஒருகாலத்தில் இது இவ்வளவு அரிதாக இருந்திருக்கவில்லை என்பதற்கு அவையே சான்று. பின்னர் முகடுகளின் சமநிலம் உருளைக்கிழங்குப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் போயிற்று. மரங்கள் கரிக்காக வெட்டப்பட்டன. 1950க்குப் பின் 1993 வரை பறவை கண்ணில் பட்டதே அருமை. இன்று உயிரோடிருப்பவை சில நூறுக்கு மேல் இரா என்பதே அறிஞர் கணிப்பு.

2001இல் ஹோகோடோகோ அறக்கட்டளை யானகோச்சாவில் காப்புக்காடு ஒன்றை அமைத்தது. 2005இல் குயிட்டோ நகரம் இச்சிட்டைத் தன் சின்னமாக ஏற்றது. 2006இல் வடக்கே டோய்சான் மலைத்தொடரிலும் இது கண்டறியப்பட்டது. ஒரே மலையை நம்பியிருந்த உயிருக்கு அது பேராறுதல்.

பெயர் சூட்டியபோதும் சின்னமாக்கியபோதும் மனிதர்க்குப் பெரிதாக எந்த இழப்பும் நேரவில்லை. முகட்டு நிலத்தை மீண்டும் காட்டிற்கே விட்டுக்கொடுப்பதுதான் கடினம். அங்கே உழுது பிழைப்பவரும் ஏழைகளே. நாம் இவ்வரலாற்றை வாசிக்கையில் தூதர்களையும் தளபதிகளையும் எளிதில் நினைவில் வைக்கிறோம். அந்த உழவரையும் உடன் வைத்து எண்ணாமல் இச்சிட்டின் கதையை எழுதி முடிக்க இயலாது என்றே நமக்குத் தோன்றுகிறது.