கருவியின் கையும் படைப்பவரின் மனமும்

செயற்கை நுண்ணறிவு வரைந்த ஓவியத்துக்கு யார் உரிமையாளர் என்ற கேள்வியைப் புத்தம்புதிதாகவே நாம் எண்ணுகிறோம். அதற்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல்.

1882 ஜனவரியில், நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக் கலைஞர் ஆஸ்கார் வைல்டைப் படமெடுத்தார். அப்படங்களில் ஒன்றை பரோ-கைல்ஸ் என்ற கல்லச்சு நிறுவனம் அனுமதியின்றி 85,000 படிகள் அச்சிட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கருவி இயந்திரகதியில் பதிவு செய்த உருவத்துக்கு ஆசிரியர் என ஒருவர் எப்படி இருக்க முடியும் என்பதே அச்சகத்தாரின் வாதம்.

1884 மார்ச்சில் நீதிபதி சாமுவேல் மில்லர் எழுதிய தீர்ப்பு சரோனிக்குச் சாதகமாக அமைந்தது. வைல்டு அமர்ந்த கோலம், உடை, திரைச்சீலை, ஒளி-நிழல், முகபாவம் அனைத்தையும் மனத்தில் கண்டு அமைத்தவர் சரோனி. ஆகவே அவரே ஆசிரியர். ஆனால் சாதாரணப் புகைப்படத்துக்கும் இவ்வுரிமை உண்டா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்காமல் விட்டது.

விடப்பட்ட அந்த இடத்தில்தான் நாம் இன்று நிற்கிறோம். ஸ்டீபன் தேலர் தம் இயந்திரத்தையே ஓர் ஓவியத்தின் ஆசிரியராகக் குறிப்பிட்டுப் பதிவு கோரினார். மனிதரே ஆசிரியராக முடியும் என்று 2023இலும், மேல்முறையீட்டில் 2025இலும் நீதிமன்றங்கள் மறுத்தன. ஜேசன் ஆலனின் வழக்கு இன்னும் நுட்பமானது. 2022இல் கொலராடோ கண்காட்சியில் பரிசு பெற்ற தம் படத்துக்காகக் குறைந்தது 624 முறை ஆணைகளை மாற்றி எழுதியதாக அவர் கூறினார். 2023இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றமோ, இத்தகைய படமொன்றை உருவாக்கியவருக்கு உரிமை வழங்கியது.

இந்தியச் சட்டத்தில் 1994 திருத்தம் ஒரு விடையை எழுதி வைத்திருக்கிறது: கணினியால் உருவான படைப்பில், அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர். அன்றைய கணினிக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று அந்த 'நபர்' ஆணை எழுதியவரா, மென்பொருளைச் செய்தவரா?

சரோனி தீர்ப்பையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம். உழைப்பின் அளவோ, ஆணைகளின் எண்ணிக்கையோ அங்கே எடைபோடப்படவில்லை. படத்தில் தெரிவதைத் தீர்மானித்த மனம் எது என்பதே பார்க்கப்பட்டது. அந்த மனத்தைச் சுட்டிக்காட்ட முடியாத இடத்தில் உரிமை கோருவது, எவருடையதும் அல்லாத பொதுநிலத்துக்கு வேலி போடுவதாகும்.