14.5 மீட்டர் திமிங்கலம், எடை வெறும் 398 கிலோ: போக்கிமான் அளவுகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

போக்கிமான் விளையாடும் பிள்ளைகளிடம் “சாரிசார்ட் எவ்ளோ பெருசு?” என்று கேட்டால், கையை அகல விரித்துக் காட்டுவார்கள். நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் டிராகன் அல்லவா! ஆனால், விளையாட்டுக்குள் இருக்கும் அதிகாரபூர்வ தகவல் ஏடான ‘போக்கிடெக்ஸ்’ சொல்லும் உயரம் 1.7 மீட்டர்தான். அதாவது சுமார் 5 அடி 7 அங்குலம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள காந்தி சிலையின் உயரம் சுமார் 4 மீட்டர். அதில் பாதிகூட வராது இந்த டிராகன்.

ஏட்டில் ஓர் அளவு, சண்டைக் காட்சியில் ஓர் அளவு, கார்ட்டூனில் இன்னோர் அளவு. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? இதில் எதை நம்புவது? பார்க்கலாம்.

போக்கிடெக்ஸ் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு போக்கிமான் இனத்துக்கும் ஓர் உயரமும் ஓர் எடையும் போக்கிடெக்ஸில் உண்டு. சில உதாரணங்கள்:

• பிகாச்சு: 0.4 மீட்டர், 6 கிலோ
• சாரிசார்ட்: 1.7 மீட்டர், 90.5 கிலோ
• ஸ்னார்லாக்ஸ்: 2.1 மீட்டர், 460 கிலோ
• ஆனிக்ஸ் (பாறைப் பாம்பு): 8.8 மீட்டர், 210 கிலோ
• வெய்லார்ட் (திமிங்கலம்): 14.5 மீட்டர், 398 கிலோ

இதை நம்ம ஊர்க் கணக்கில் பார்த்தால் சுலபமாகப் புரியும். புதுச்சேரி குருசுக்குப்பம் போன்ற மீனவர் பகுதிகளில் பார்க்கும் ஃபைபர் படகு ஏறக்குறைய 30 அடி நீளம் இருக்கும். ஆனிக்ஸ் கிட்டத்தட்ட அந்தப் படகு நீளம். வெய்லார்ட் ஒன்றரைப் படகு நீளம். பிகாச்சு, அந்தப் படகில் ஏற்றும் ஐஸ் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

முதல் சிக்கல்: திரை சின்னது

போக்கிமான் என்ற பெயரே ‘பாக்கெட் மான்ஸ்டர்’ என்பதன் சுருக்கம். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ‘ரெட்’, ‘கிரீன்’ என்ற இரண்டு விளையாட்டுகளாக நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியில் வெளியானது. உருவாக்கியது கேம் ஃப்ரீக் நிறுவனம்.

கேம் பாய் திரையின் அளவு 160-க்கு 144 பிக்சல். எதிரில் நிற்கும் போக்கிமானின் படத்துக்கு அதில் ஒதுக்கப்பட்ட இடம் அதிகபட்சம் 56-க்கு 56 பிக்சல். சின்ன உருவங்களுக்கு 40 பிக்சல் சதுரம், நடுத்தரத்துக்கு 48, பெரியவற்றுக்கு 56. மொத்தமே இந்த மூன்று அளவுதான்.

இப்போது கணக்கைப் போடுங்கள். முதல் விளையாட்டில் இருந்த 151 போக்கிமான்களில் மிகச் சிறியவற்றில் ஒன்றான டிக்லெட் 0.2 மீட்டர், மிகப் பெரிய ஆனிக்ஸ் 8.8 மீட்டர். ஏட்டின்படி 44 மடங்கு வித்தியாசம். ஆனால் திரையில், சின்னச் சதுரத்துக்கும் பெரிய சதுரத்துக்கும் இடையே இருப்பது 1.4 மடங்கு வித்தியாசம் மட்டுமே. அளவைச் சரியாகக் காட்டவே முடியாது என்ற நிலையில்தான் இந்த விளையாட்டு பிறந்தது.

கருவி வளர்ந்த பிறகும் ஏன் மாறவில்லை?

2013-ல் ‘எக்ஸ்’, ‘ஒய்’ விளையாட்டுகள் வந்தபோது எல்லாப் போக்கிமான்களும் முப்பரிமாண உருவங்களாக மாறின. அப்போதாவது சரியாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை.

காரணம் எளிது. அவை ஓடிய 3டிஎஸ் கருவியின் மேல் திரை 400 பிக்சல் அகலம். வெய்லார்டின் முழு நீளத்தையும் அதில் அடக்கினால், எதிரில் நிற்கும் பிகாச்சுவுக்குக் கிடைப்பது வெறும் 11 பிக்சல். எறும்பு மாதிரி தெரியும். அது மின்னலை ஏவுவதையோ அடி வாங்குவதையோ விளையாடுபவர் பார்க்கவே முடியாது. அதனாலதான் பெரியதைச் சுருக்கி, சிறியதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறார்கள். இது கவனக்குறைவு இல்லை. இரண்டு பேரும் திரையில் தெரிந்தால்தான் சண்டையே நடக்கும்.

கார்ட்டூனில் இன்னும் பெருசா?

ஆமாம். அங்கே அளவைத் தீர்மானிப்பது கதை. 1997-ல் ஒளிபரப்பான முதல் தொடரின் 13-வது அத்தியாயத்தில், கலங்கரை விளக்கத்தைத் தேடி டிராகனைட் போன்ற ஓர் உருவம் கடலிலிருந்து வரும். ஏட்டின்படி டிராகனைட் 2.2 மீட்டர். அந்தக் காட்சியில் வருவதோ கலங்கரை விளக்கத்துக்கு இணையான ராட்சதன்!

இப்படி வரைவது புது வழக்கம் இல்லை. மாமல்லபுரத்தில் உள்ள 7-ம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பமான அர்ச்சுனன் தபசுவைப் பாருங்கள். யானைகள் கிட்டத்தட்ட நிஜ அளவு. ஒற்றைக் காலில் தவம் செய்பவரைவிட அவர் அருகில் நிற்கும் சிவன் பெரியவர். சிவனைச் சுற்றியுள்ள பூதகணங்கள் குள்ளம். அங்கே உருவத்தின் அளவு, மீட்டர் கணக்கைச் சொல்லவில்லை. யார் முக்கியம் என்பதைச் சொல்கிறது. கார்ட்டூன் டிராகனும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாவது சிக்கல்: எங்கிருந்து எதுவரை?

‘உயரம்’ என்று போட்டிருக்கிறார்களே தவிர, எதை அளந்தார்கள் என்பது போக்கிடெக்ஸில் இல்லை. பிகாச்சுவின் 0.4 மீட்டரில் காது சேருமா? ஆனிக்ஸின் 8.8 மீட்டர், தலை தூக்கி நிற்கும் உயரமா, தலை முதல் வால் வரை உள்ள நீளமா? ஏட்டில் விடை கிடையாது.

நிஜ உலகில் இப்படி விட முடியாது. மீன்வள ஆய்வாளர்கள் ஒரு மீனை அளக்கும்போது, வாய் நுனியிலிருந்து வால் நுனி வரையா (மொத்த நீளம்), வாலின் கவட்டை வரையா (கவட்டு நீளம்) என்பதைக் குறித்தாக வேண்டும். சூரை மீனைப் பெரும்பாலும் கவட்டு நீளத்தில்தான் அளப்பார்கள். எந்த நீளம் என்று எழுதாமல் விட்டால், ஓர் ஊரில் எடுத்த அளவை இன்னோர் ஊரில் எடுத்ததோடு ஒப்பிட முடியாது.

மூன்றாவது சிக்கல்: எடை

ரசிகர்கள் அதிகம் கிண்டல் செய்வது இதைத்தான். நீலத்திமிங்கலம் 30 மீட்டர் வரை வளரும்; 150 டன்னைத் தொடும். ஓர் உயிரினத்தின் நீளம் பாதியானால் எடை பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே பாதியாகிவிடுவதுதான் காரணம். இந்தக் கணக்கை 1638-லேயே கலிலியோ விளக்கிவிட்டார்.

அந்தக் கணக்கில், நீலத்திமிங்கலத்தின் உடல்வாகில் 14.5 மீட்டருக்கு ஒரு விலங்கு இருந்தால் எடை 16 டன்னாவது வர வேண்டும். வெய்லார்ட் அதைவிடக் குண்டு. ஆனால் அதன் எடை 398 கிலோ, அதாவது அரை டன்கூட இல்லை!

வெய்லார்டின் தடிமனை 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் கன அளவு சுமார் 370 கன மீட்டர். அவ்வளவு இடத்தை நிரப்பும் காற்றின் எடையே சுமார் 445 கிலோ. அப்படின்னா வெய்லார்ட் காற்றைவிட லேசு. கடலில் நீந்தாது, பலூன் மாதிரி மேலே போய்விடும். போக்கிடெக்ஸ் இதற்குக் கொடுத்திருக்கும் வகைப் பெயரே ‘மிதக்கும் திமிங்கலம்’ என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

நிஜக் கடலில் நிலைமை வேறு. வங்கக் கடலிலும் காணப்படும் திமிங்கலச் சுறாவை நம்ம மீனவர்கள் ‘அம்மணி உழுவை’ என்பார்கள். வெய்லார்டைவிட நீளம் குறைந்த, 12 மீட்டர் அம்மணி உழுவையே பத்து டன்னைத் தாண்டும். 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் அது. வேட்டையாடுவது குற்றம்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2016-ல் அறிமுகமான காஸ்மோயம், வெறும் 10 சென்டிமீட்டர். எடை 999.9 கிலோ. அதே விளையாட்டில் வந்த 9.2 மீட்டர் செலஸ்டீலாவுக்கும் அதே 999.9 கிலோதான்.

இந்த எண்களால் விளையாட்டில் என்ன பயன்?

எடைக்குப் பயன் இருக்கிறது. 2002-ல் வந்த ‘ரூபி’, ‘சஃபையர்’ முதல், ‘லோ கிக்’ என்ற தாக்குதலின் பலம் எதிரியின் எடையைப் பொறுத்தது. 200 கிலோவும் அதற்கு மேலும் என்றால் முழு அடி. எடை என்பது இங்கே சண்டைக்கான ஒரு விதி. வெய்லார்டுக்கு 16 டன் என்று திருத்தினாலும் அது வாங்கும் அடி மாறாது.

உயரம் பல வருடம் சும்மாவே இருந்தது. ஒரே இனத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண். விதிவிலக்காக, 1999-ல் வந்த ‘கோல்ட்’, ‘சில்வர்’ விளையாட்டுகளில் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் தூண்டில்காரர், நீங்கள் பிடித்த மேஜிகார்ப் மீன்களை அளந்து, எது பெரியது என்று சொல்வார். 2013-ல் வந்த பம்ப்காபூ என்ற பூசணிப் போக்கிமானுக்கு நான்கு அளவுகள் உண்டு; அளவுக்கேற்ப அதன் திறனும் மாறும்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

பெரிய மாற்றம் 2022-ல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 28-ல் வெளியான ‘லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்’ விளையாட்டில் போக்கிமான்கள் திறந்தவெளியில் உங்கள் கண்ணெதிரே நடமாடும். மனிதர் பக்கத்தில் நிற்பதால் அளவை இனி மறைக்க முடியாது. ஒரே இனத்தில் குட்டையும் நெட்டையும் உண்டு. ‘ஆல்ஃபா’ எனும் சிவந்த கண் ராட்சதங்களும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘ஸ்கார்லெட்’, ‘வயலெட்’ விளையாட்டுகளில், மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் தனி அடையாளப் பட்டம் கிடைக்கும்.

2016 டிசம்பரில் ஜியோவுடன் கூட்டு சேர்ந்து இந்தியாவுக்கு வந்த மொபைல் விளையாட்டான ‘போக்கிமான் கோ’வில், 2023 முதல் ‘ஷோகேஸ்’ போட்டிகள் நடக்கின்றன. யாரிடம் பெரிய போக்கிமான் இருக்கிறதோ அவருக்கே வெற்றி. ஒரு காலத்தில் யாரும் கண்டுகொள்ளாத எண், இன்று பரிசு வாங்கித் தருகிறது.

சுருக்கமாக: எதை எப்போது நம்புவது?

• போக்கிடெக்ஸ் உயரம்: அந்த இனத்தின் பொதுவான அடையாளம். இரண்டு இனங்களை ஒப்பிட இது போதும்.
• போக்கிடெக்ஸ் எடை: சண்டை விதிக்கான எண். இயற்பியல் பாடத்துக்கு உதவாது.
• சண்டைக் காட்சி: திரைக்குப் பொருந்தும்படி சுருக்கப்பட்டது. அளவுக்கு ஆதாரம் இல்லை.
• கார்ட்டூன்: கதைக்காக வரையப்பட்டது. அன்றைய காட்சிக்கு மட்டும் செல்லும்.
• ஷோகேஸ் போட்டி: உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு போக்கிமானின் அளவு மட்டுமே கணக்கு. பரிசு வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வீட்டில் பிள்ளைகள் “வெய்லார்ட் திமிங்கலத்தைவிடப் பெருசா?” என்று கேட்டால், பதில் தயார்: நீளத்தில் நீலத்திமிங்கலத்தில் பாதி, எடையில் ஒரு பசு மாட்டின் அளவு. கால்குலேட்டரைக் கையில் கொடுத்து, சரியான எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.